முன்னூறு பெண்கள்

கொழும்பு
12.03.1981

அன்புள்ள அமராவதிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் எல்லாரும் சேர்ந்து கட்டித் தந்த வறுத்த கச்சான் கடலை, றெயில் வவுனியாவைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர் பாதியைத் தின்றார். கேட்கவும் இல்லை.

தர்மபுரத்தில் உங்களோடு இருந்த ஐந்து நாளையும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். "உங்கட சங்கத்துக்குத் தலைவி ஆர்?" என்று நான் கேட்டதும் முப்பத்தொரு பேரும் ஒன்றாக எழும்பி நின்றீர்களே, பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தது மாதிரி! பகிடி விடுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் தரம் கேட்டபோதும் எழும்பினீர்கள்.

பகிடி போதும். ஊர் ஊராகப் போய்ப் பெண்கள் சங்கங்களை அமைத்துக் கொடுப்பதுதான் எங்கள் உதவி நிதியத்தில் எனக்குத் தந்திருக்கும் வேலை. இதுவரை பதினாறு சங்கம் பார்த்துவிட்டேன். தலை இல்லாத சங்கம் ஒன்றும் ஒரு வருடம் தாண்டவில்லை. கந்தோருக்கு மனுக் கொடுத்தால் ஒரு கையெழுத்து வேண்டும், கேள்வி வந்தால் ஒரு ஆள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் அக்கா சுப்பம்மாவைப் பாருங்கோ. அவா வாய் திறந்தால் மற்றவர்கள் கதையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். எழுத வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, செயலாளராக நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள்தானே. வருகிற கூட்டத்தில் அவாவைத் தெரிவு செய்யுங்கோ.

இன்னும் ஒன்று. பெயர் கேட்டால் "மாயாண்டி சம்சாரம்", "சங்கிலி மக" என்று சொல்லும் பழக்கத்தை விட வேண்டும். ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்து வைக்கப் பழக வேண்டும். அதைப் பழக்குவது உங்கள் பொறுப்பு.

உங்கள் பக்கம் சாமான் ஏற்றிவரும் நல்லதம்பியின் லொறியில் ஒரு கதிரையும் பெயர்ப்பலகையும் வருகின்றன. கதிரை தலைவிக்கு மட்டும். விறகு வைக்க அல்ல!

பிரியமுள்ள
இராசேஸ்வரி சிற்றம்பலம்


தர்மபுரம்
06.07.1981

பிரியமான மிஸ் அவர்களுக்கு,

அமராவதி எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். மழைதான் எங்கேயோ போய்விட்டது.

நாங்கள் எழுந்து நின்றது பகிடிக்கு இல்லை, மிஸ். நீங்கள் சிரித்ததால் அன்றைக்குச் சொல்லவில்லை. நாங்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது ஒரு மழைக்கு எங்கள் லயத்து வீடுகளின் கூரை முழுக்க ஒழுகியது. சனம் எல்லாம் சேர்ந்து தொரை பங்களாவுக்குப் போனது. தொரை வெளியே வந்து, "யார் தலைவர்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எங்கள் அப்பா சங்கிலி ஓர் அடி முன்னால் வைத்தார். அடுத்த கிழமை அவருக்கு வேலை நீக்கச் சீட்டுக் கொடுத்து, சட்டி பானையோடு எங்களை ரோட்டில் இறக்கிவிட்டார்கள். கூரை அப்படியேதான் ஒழுகியது. அதிலிருந்து எங்கள் ஆட்களிடம் தலைவர் யார் என்று கேட்டால் எல்லாரும் எழுந்து நிற்பது. எழுபத்தேழுக் கலவரத்தில் அடி வாங்கிக் கட்டின துணியோடு இந்தக் காட்டுக்கு வந்தபோது நாங்கள் கொண்டுவந்த சாமான் அது ஒன்றுதான். "ஒருத்திய அடிக்கிறது லேசு. முப்பத்தொரு பேர அடிச்சா அவனுக்குத்தான் கை நோகும்" என்பாள் அக்கா.

ஆனாலும் படித்த நீங்கள் சொன்னீர்களே என்று அக்காவைத் தலைவியாக்கிவிட்டோம். பலகையும் மாட்டியாயிற்று. கதிரையில் மட்டும் உட்காரமாட்டேன் என்கிறாள். "அதுல உக்காந்தா எனக்கே என்னப் பாத்தா பயமா இருக்கு" என்கிறாள். இப்போது இராசமலர் வீட்டுக் கோழி அதன் கீழே அடைகாக்கிறது. தலைவி யார் என்று கேட்டு வருகிறவர்களுக்குக் கோழியைத்தான் காட்ட வேண்டும்.

ஒரு நல்ல சேதி. எங்கள் வீட்டு வரிசைக்கு என்று ஒதுக்கிய பொதுக் கிணற்றை வேறு பக்கம் கொண்டுபோகப் பார்த்தார்கள். "தோட்டக்காட்டாருக்கு ஏன் ரெண்டாவது கிணறு?" என்று கந்தோரில் ஒரு கிளார்க் கேட்டாராம். நாங்கள் முப்பத்தொரு பேரும் வெறும் வாளியோடு போய்க் கந்தோர் வாசலில் உட்கார்ந்தோம். கூச்சல் போடவில்லை. மத்தியானம் வரைக்கும் வாளியைத் தட்டிக்கொண்டே இருந்தோம். தலைவலி தாங்காமல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கிணறு இப்போது பன்னிரண்டு அடி ஆழம், தண்ணீர் ஊறுகிறது.

எல்லாரும் பெயர் எழுதப் பழகிவிட்டார்கள். அக்காவுக்கு 'சு' மட்டும் வருகிறது.

அன்புடன்
அமராவதி சங்கிலி


கொழும்பு
21.09.1982

அன்புள்ள அமராவதிக்கு,

உங்கள் அக்காவின் படம் லண்டனில் அச்சாகிவிட்டது! பெண்களின் தலைமை பற்றி நான் ஆங்கிலத்தில் எழுதிய சின்னப் புத்தகம், முதல் பக்கத்திலேயே சுப்பம்மா. போன வருடம் நான் வந்து கெஞ்சிக் கதிரையில் இருத்தி எடுத்த படம். மேலே பலகை, பலகையில் பெயர், ஊர். முறைத்துக்கொண்டுதான் இருக்கிறா, ஆனால் என்ன கம்பீரம்! கீழே நான் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்: "தர்மபுரத்துச் சுப்பம்மா. எழுத்தறியாதவர். ஒரு மணி நேரத்தில் முன்னூறு பெண்களைத் தெருவில் இறக்கக்கூடியவர்."

இதை வாசித்துவிட்டு லண்டனில் ஒரு வருடப் படிப்புக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிளிநொச்சியில் அப்பா, "பொம்பிளைப் பிள்ளை தனியப் போய் என்ன செய்யப் போறாய்?" என்று நிற்கிறார். ஓம், போகத்தான் போகிறேன்.

புத்தகத்தில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். அக்காவிடம் காட்டுங்கோ.

பிரியமுள்ள
இராசேஸ்வரி


தர்மபுரம்
15.11.1982

பிரியமான மிஸ்,

புத்தகம் கிடைத்தது. வீடு வீடாகப் போய் மூலையெல்லாம் சுருண்டுவிட்டது. மாயாண்டி அத்தான் பொண்டாட்டி படத்தைப் பார்த்து, "இவ கிட்ட நான் வாங்குற ஏச்சு இப்ப லண்டனுக்கும் தெரிஞ்சிருச்சா?" என்கிறார். அக்கா வெளியே ஏசினாள், உள்ளே சந்தோசம். தகரப் பெட்டியில் கல்யாணச் சேலைக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

ஆனால் முன்னூறு எங்கேயிருந்து வந்தது, மிஸ்? ஆடு, மாடு, இராசமலரின் கோழி எல்லாவற்றையும் எண்ணினாலும் அத்தனை வராதே. நாங்கள் முப்பத்தொரு பேர். கிணற்றுக்காக அன்றைக்கு அழைத்துப் போனதும் அக்கா இல்லை, எல்லாரும் எல்லாரையும் கூப்பிட்டோம். அக்காவும் கேட்டாள், "ஏன் பொய்யி?" என்று. அடுத்த தரம் அச்சடித்தால் திருத்திவிடுங்கள்.

லண்டனில் குளிராம். கம்பளி கொண்டுபோங்கள்.

அமராவதி


லண்டன்
18.02.1984

அன்புள்ள அமராவதிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு ஏசுங்கோ. போன வருடத்து ஆடிக் கலவரத்தில் நான் கொழும்பில் இருந்த அறையும் எரிந்துவிட்டதாம். திரும்பி வர மனமும் இல்லை, இடமும் இல்லை.

நான் இப்போது நிதியத்தின் ஆலோசகர். கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு நிறுவனம் தடுமாறினால் என்னை அனுப்புவார்கள். போய் ஒரு கிழமை மூலையில் இருந்து பார்ப்பேன். முதலில் வாய் திறப்பது யார், யார் பேசும்போது மற்றவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள், தேத்தண்ணீர் ஊற்றுவது யார், முடிவை எடுப்பது கூட்டத்திலா, கூட்டம் கலைந்து வாசலில் நிற்கும்போதா. பிறகு இதை மாற்று, அதை மாற்று என்று எழுதிக் கொடுப்பேன். பெரிய பெரிய கந்தோர்களிலும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள், அமராவதி. போகிற இடமெல்லாம் சுப்பம்மாவின் கதையைச் சொல்லித்தான் தொடங்குவேன். நைரோபியில் ஒரு பெண் அழுதேவிட்டாள்.

புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. கொழும்பில் எல்லா அமைச்சுகளுக்கும், வடக்கே அரசாங்கக் கச்சேரிகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். எண்ணைத் திருத்தவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். முப்பத்தொன்று என்றால் மண்டபத்தில் ஒருவரும் நிமிர்ந்து இருக்கமாட்டார்கள். ஆர் வந்து எண்ணப் போகிறான்?

பிரியமுள்ள
இராசேஸ்வரி


தர்மபுரம்
19.12.1984

மிஸ் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

டிசம்பர் 11ஆம் தேதி காலை எட்டு மணிக்கு ஆமி ஊரை வளைத்தது. எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். ஆம்பிளைகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். ஆமிக்காரர்களில் பெரியவன் ஒருவன் தமிழ் தெரிந்த ஒருவனை வைத்துக் கேட்டான், "மாதர் சங்கத் தலைவி யார்?"

எல்லாரும் எழுந்து நின்றோம், மிஸ். மூன்று வருடமாகப் பலகை தொங்கியும் கால் மறக்கவில்லை. இராசமலருக்கு எட்டு மாதம், அவளும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவன் சிரித்தான். சிரித்துவிட்டு ஜீப்பில் இருந்து உங்கள் புத்தகத்தை எடுத்தான்.

முதல் பக்கத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு வரிசையாக எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான். இராசமலருக்கு முன்னால் நின்று படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அப்போது அக்கா, "அது நாந்தாங்க. பிள்ளத்தாச்சிய விடுங்க" என்று ஓர் அடி முன்னால் வைத்தாள். எங்கள் அப்பா வைத்த அதே அடி.

அவன் கேட்டது இதுதான்: "முன்னூறு பேரும் எங்கே? இயக்கப் பொடியன்கள் சொல்லியா தெருவில் இறக்கினாய்?" அக்கா கிணற்றுக் கதையைச் சொன்னாள். அவன் புத்தகத்தைத் தட்டிக் காட்டி, கிணற்றைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லையே என்றான். அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். மாயாண்டி அத்தான் ஜீப்புக்குப் பின்னால் சந்திவரை ஓடி அங்கே விழுந்து கிடந்தார்.

வழக்குப் பேச வவுனியாவில் லோயர் ஐயாத்துரையைப் பிடித்திருக்கிறோம். அவர் சொல்கிறார், புத்தகம் எழுதியவரே சத்தியம் பண்ணி, முன்னூறு பொய், அவர்கள் முப்பத்தொரு பேர், போனது தண்ணிக்கு, தலைவி என்று பெயர் வைத்ததும் நான்தான் என்று எழுதித் தந்தால் விடுவிக்க வழி இருக்கிறதாம். நாலு வரி, மிஸ். உங்களுக்கு எழுத்து என்ன கஷ்டமா? உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அமராவதி


லண்டன்
22.01.1985

அன்புள்ள அமராவதிக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. இது சத்தியம்.

உடனே பணிப்பாளரிடம் போனேன். நிதியத்தின் முத்திரையோடு கடிதம் வாங்கி லோயருக்கு அனுப்பியிருக்கிறேன். சுப்பம்மா சமூகப் பற்றுள்ளவர், முன்மாதிரியான தலைவி, உலகம் அவரை மதிக்கிறது என்று நன்றாகவே எழுதியிருக்கிறோம். பெரிய மனிதர்களின் கையெழுத்து அது, அவர்களும் யோசிப்பார்கள்.

எண்ணைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறார் பணிப்பாளர். ஒன்று பொய் என்றால் புத்தகம் முழுக்கப் பொய் என்பார்கள், நாங்கள் வேலை செய்யும் மற்ற ஊர்களுக்கும் உதவி நின்றுவிடும் என்கிறார். நானும் அதை யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. இரண்டு வருடமாக நான் நிற்பது அந்தப் பக்கத்தின் மேல். விளங்கிக்கொள்ளுங்கோ. முதலில் இந்தக் கடிதம் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

கவலையோடு
இராசேஸ்வரி


தர்மபுரம்
03.03.1985

மிஸ்,

உங்கள் பெரிய மனிதர்களின் கடிதத்தை லோயர் ஐயா வாசித்துவிட்டு மேசையில் போட்டார். "இது உதவாது பிள்ளை. தலைவி எண்டுதானே அவங்களும் சொல்லுறாங்கள். இது அவங்களுக்கு இன்னொரு சாட்சி" என்றார்.

அக்காவைத் தெற்கே ஒரு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். என்னையும் அத்தானையும் பார்க்க விடவில்லை. அவளோடு ஒரே அறையில் இருந்த நேசமலர் என்ற கிளிநொச்சிப் பிள்ளையைப் போன மாதம் விட்டார்கள். அவள் வீடு தேடிப் போய்க் கேட்டேன்.

ஒவ்வொரு நாளும் முன்னூறு பேரின் பெயரையும் சொல் என்று அடிக்கிறார்களாம். அக்கா முதலில் தன் பெயரை மட்டும் சொன்னாளாம். பிறகு தாங்க முடியாமல் பெயர் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். எல்லாம் செத்தவர்களின் பெயர், மிஸ். எங்கள் அம்மா பெயர், பேறுகாலத்தில் போன பெரியம்மா, தோட்டத்தில் மண்சரிவில் போன ஏழு பேர், எழுபத்தேழில் வழியில் விட்டுவிட்டு வந்தவர்கள், காய்ச்சலில் போன அவளுடைய மூத்த பிள்ளை. நூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் வந்துவிட்டாளாம். உயிரோடு இருக்கிறவள் ஒருத்தியின் பெயரும் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் இன்னும் யார் யார் செத்தார்கள் என்று நேசமலரிடம் சொல்லிச் சொல்லி ஞாபகப்படுத்திக்கொள்வாளாம். "முன்னூறு சேந்துட்டா விட்ருவாங்க" என்று நம்பியிருக்கிறாள்.

தோட்டத்தில் விசாரித்தால் எல்லாரும் செத்தவர்கள் என்று தெரிந்துபோகும். அதற்கு முன்னால் எழுதுங்கள். இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அமராவதி


லண்டன்
28.05.1985

என் அமராவதிக்கு,

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாடு சுற்றினேன். ஒவ்வொரு ஊரிலும் அடுத்த ஊரில் எழுதுவேன் என்று நினைத்தேன். காரணம் சொல்லவில்லை. பயம். என்னிடமிருந்து எல்லாம் போய்விடும் என்ற பயம்.

22ஆம் தேதி ஒரு பெரிய கூட்டத்தில் பேசினேன். வழக்கம்போலச் சுப்பம்மாவில் தொடங்கினேன். வாய் தன்பாட்டில் முன்னூறு என்றது. முடிந்ததும் ஒரு வயதான பெண் எழும்பி, "அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டா. "சுகமாக இருக்கிறார்" என்றேன், அமராவதி. எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்த நாளே சட்டத்தரணி முன்னால் சத்தியம் செய்து எழுதிவிட்டேன். மூலப் பிரதி லோயருக்குப் போகிறது, பிரதியொன்று இதோடு இருக்கிறது. முன்னூறு என் பொய். தலைவி என்ற பதவியை அவர்கள் கேட்கவில்லை, நான்தான் திணித்தேன். பலகையும் கதிரையும் நான் அனுப்பியவை. அவர்கள் போனது தண்ணீருக்கு. எல்லாம் இருக்கிறது. என் வேலை போய்விட்டது, அது போகட்டும். ஊர் ஊராகப் போய் மூலையில் இருந்து பார்த்தவள் நான். நீங்கள் எழும்பி நின்றதை மட்டும் பார்க்கத் தெரியாமல் சிரித்தேன்.

அக்கா வெளியே வந்ததும் ஒரு தந்தி அடியுங்கோ. நான் வந்து அவாவின் காலில் விழவேண்டும்.

உங்கள்
இராசேஸ்வரி


தர்மபுரம்
14.07.1985

மிஸ்,

உங்கள் கடிதம் ஜூன் 21ஆம் தேதி கிடைத்தது. நாலு வரி கேட்டேன், இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். லோயர் ஐயா வாசித்துவிட்டு, "இதுதான் வேணும் எண்டனான்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார். இனி அதை எங்கே கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை.

அக்கா மே 17ஆம் தேதி முகாமில் செத்துப்போனாள். காய்ச்சல் என்று எழுதித் தந்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பெட்டியைத் தந்தார்கள், திறக்க விடவில்லை. மாயாண்டி அத்தான் பெட்டியின் மேல் கையை வைத்து, தலை எந்தப் பக்கம் என்று ஆமிக்காரனிடமே கேட்டார். நீங்கள் அந்தக் கூட்டத்தில் அவள் சுகமாக இருக்கிறாள் என்று சொன்னபோது அவளைப் புதைத்து மூன்று நாள்.

தோட்டத்துக்கு ஆள் அனுப்பி விசாரித்திருக்கிறார்கள். அவள் சொன்ன பெயர்க்காரி ஒருத்தியும் உயிரோடு இல்லை என்று தெரிந்த பிறகு, ஏமாற்றினாய் என்று அடித்தது வேறு விதமாம். இதையும் அங்கேயிருந்து வந்த பிள்ளை ஒன்றுதான் சொன்னது.

உங்களுக்குக் கெட்ட மனசு என்று நான் சொல்லமாட்டேன். அக்காவும் சொல்லமாட்டாள், அவளுக்கு உங்களைப் பிடிக்கும். ஆனால் எனக்குக் கோபம், மிஸ். இரண்டு மாதம் முந்தி இந்தக் காகிதம் வந்திருந்தால் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காலில் விழ வர வேண்டாம். இங்கே நீங்கள் வந்தால் இராசமலர் உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவாள், அதை நான் பார்க்க விரும்பவில்லை. பிள்ளைக்கு அவள் சுப்பம்மா என்று பெயர் வைத்திருக்கிறாள்.

பலகையை உடைத்து அடுப்பில் வைத்தோம். கதிரையையும் வைத்தோம். தகரப் பெட்டியில் இருந்த புத்தகத்தை அக்காவோடு புதைக்கலாம் என்று அத்தான் சொன்னார், நான் விடவில்லை. அதுவும் அடுப்புக்குத்தான் போனது.

சங்கம் இருக்கிறது. முப்பது பேர். போன கிழமை ஒரு புதுக் கந்தோர்க்காரர் வந்து தலைவி யார் என்று கேட்டார். எல்லாரும் எழுந்து நின்றோம். அவரும் சிரித்தார்.

இந்த ஊரின் பெயரை இனி எங்கேயும் எழுதாதீர்கள், சொல்லாதீர்கள். கடிதத்துக்குக் கீழே பெயரைப் போட்டுக் கையெழுத்து வைக்கப் பழக்கியது நீங்கள். இதில் நான் வைக்கவில்லை.